மூக்குத்தி எந்தப் பக்கம்

"எடது தோளுதாங்க்கா லூசா இருக்குது" என்றாள் மோனிஷா, புது ரவிக்கையுடன் ஆளுயரக் கண்ணாடி முன் நின்றுகொண்டு. கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறவர்களின் இடதையும் வலதையும் அமுதவல்லி நம்புவதில்லை. கண்ணாடிக்குள் நிற்பவளை எதிரில் நிற்கும் வேறொருத்தியாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். நம்பிப் பிரித்தால் நல்ல தோள் கெட்டுப்போகும். பதினைந்து வருடத் தையலில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அவளே இரண்டு தோளையும் இழுத்துப் பார்த்தாள். லூசு வலது தோளில்தான். இரண்டு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மூன்றாவதைக் குத்தினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது நம்ம மதுவாட்டமே இல்லீங்?"

மோனிஷா செல்போனை நீட்டினாள். பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க். அதன் கறுப்புப் பிளாஸ்டிக் மேல் வெள்ளையிலும் காவியிலும் ஒரு பெண்ணின் முகம். நடுவில் ஒட்டிய புருவங்கள், அகன்ற நெற்றி, யாரோ எதையோ சொல்லிவிட்டதுபோல அழுத்தி மூடிய உதடு. தன் மகள் மதுமதிக்குக் கோபம் வந்தால் உதடு அப்படித்தான் போகும் என்று அமுதவல்லிக்குத் தெரியும். ஊசிகள் வாயில் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

ஆறு மாதமாகவே யாரோ ஊரில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். மல்லசமுத்திரம் போகும் சாலையின் மைல்கல்லில் ஒரு மேச்சேரி ஆடு. பழைய குப்பை வண்டியில் முட்டைமேல் உட்கார்ந்து கொட்டாவி விடும் கோழி. ஊர் சிரித்தது, பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுத்தது. எவனோ லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற பையன் என்று முடிவும் கட்டியிருந்தது. ஆடும் கோழியும் இருந்தவரை அவன் யாரென்று ஒருவரும் தேடவில்லை. பெண் முகம் வந்ததும் தேடத் தொடங்கிவிட்டார்கள். வயசுப் பெண்ணின் முகத்தை ஒருவன் நடுத்தெருவில் வரைகிறான் என்றால் அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பதுதான் பேச்சு. நெருப்பில்லாமல் புகையுமா என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்டார்களாம்.

மதியத்துக்குள் படம் சத்தீஸ்கர் வரை போய்விட்டது. அங்கே ரிக் வண்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் கண்ணுசாமி அழைத்தான். பின்னால் கம்ப்ரசர் சத்தம் காதை அடைத்தது.

"காலேஜுக்கு அனுப்ச்சது போதும் அமுதா. அண்ணன் சொல்றாப்ல கேளு. அந்த வெண்ணந்தூர் மாப்பளைக்கு சரீனு சொல்லீரலாம்."

"இன்னும் ஒரு வருசந்தானுங்க இருக்குது."

"ஒரு வருசத்துல இன்னும் எத்தன டேங்க் இருக்குதோ?"

சாயங்காலம் கண்ணுசாமியின் அண்ணன் வெள்ளியங்கிரி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை.

"ஏன் அம்மிணி, டேங்க்குக்கு எதுத்த உரக்கடக்காரன்கிட்ட கேமரா இருக்குது. ஓட்டிப் பாத்தா எவன்னு தெரிஞ்சு போயிரும். மொதல்ல நானே ஒருக்கா நேர்ல பாத்துட்டு வாரேன். நீயும் வா."

டேங்க் வரை நடந்த தூரம் முந்நூறு அடிகூட இருக்காது. மகளுடைய படிப்பு அந்த முந்நூறு அடியில் முடிந்துவிடும் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வெள்ளியங்கிரி முகத்தை ஏறிட்டுப் பார்த்தார், கிட்டே போனார், விரலை வைத்தார்.

"மூக்குத்தி எந்தப் பக்கம் இருக்குது பாருங்கடா. எடது பக்கம்!"

எல்லோரும் பார்த்தார்கள்.

"நம்ம புள்ளைக்கு வலது மூக்கு. திருச்செங்கோட்டுல ஆசாரிகிட்ட நாந்தான் கூட்டீட்டுப் போயிக் குத்துனேன். அழுது என்ற சட்டையெல்லாம் நனச்சுட்டா. எனக்குத் தெரியாதா? நம்ம சனத்துல எவ எடது பக்கம் குத்தறா? இவ வேற எவளோ!"

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. கேமராப் பேச்சும் அதோடு போனது. திரும்பி வந்து அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். தம்பிக்குத் தானே போன் போட்டுச் சொன்னார். அமுதவல்லி அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நல்ல அழுகை. அதற்குப் பிறகு காபி போட்டாள்.

மோனிஷாவின் ரவிக்கைத் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதுமதி கல்லூரியிலிருந்து வந்தாள். பேருந்திலேயே எல்லாம் கேள்விப்பட்டிருப்பாள். கண்ணாடி முன் நின்று துப்பட்டாவின் பின்னை எடுத்தாள். அமுதவல்லி நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் டேங்க்கின் முகம் இருந்தது. அதே புருவம், அதே உதடு. மூக்குத்தி இடது பக்கம்.

அமுதவல்லி ஊசியை ரவிக்கையில் குத்திவைத்தாள். மகள் காலையில் ஐந்து மணிக்குச் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும், கூட்டம் என்று சொல்லி ஏழு மணிக்கு வருவதும், கேட்டுக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் டப்பாக்கள் காணாமல் போனதும், துப்பட்டாவில் வந்த தின்னர் வாசமும் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றன. ஊரே ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்ததில் அவளும் பையனைத்தான் தேடியிருந்தாள்.

"பெரியப்பாவுக்குக் கண்ணாடி பாத்துப் பழக்கமில்ல. அதனால தப்பிச்ச" என்றாள்.

மதுமதி பின்னைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்குள்ளேயே அம்மாவைப் பார்த்தாள்.

"வேண்டாஞ்சாமி. தெரிஞ்சா உன்ற அப்பன் அடுத்த வண்டியேறி வந்துருவாரு. இன்னொருக்கா உன்ற மூஞ்சி எங்கயும் வரக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

"சரிம்மா. என்ற மூஞ்சிய இனி வரைய மாட்டேன். சத்தியமா."

ஒன்பது நாள் அமுதவல்லி தினமும் குடத்தோடு போய் டேங்க்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் புதிதாக இல்லை. பத்தாம் நாள் மதுமதி பால் ஊற்றிவிட்டு ஆறே முக்காலுக்கு வந்து, நேராகக் குளியலறைக்குப் போய்விட்டாள். அமுதவல்லிக்குத் தின்னர் வாசம் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போனாள்.

முன்பக்கம் அதே முகம்தான். குடத்தைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டு மறுபக்கம் போனாள். இடுப்பளவு மேடைமேல், நிற்கிறவளின் தலையும் தோளும் வருகிற உயரத்தில், கழுத்தில் டேப்போடு ஒரு பொம்பளை இருந்தாள். உதட்டில் இரண்டு குண்டூசிகள். கண்ணுக்கடியில் கருவளையம். மூக்குத்தி சரியாக வலது பக்கம். இத்தனை நாள் மகள் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை, கண்ணுசாமி உட்பட. சந்தோஷமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஊசியும் வாயுமாக அவள் நிற்கிற அந்தத் தையலறைக்குள் ஆண்களுக்கு வேலையில்லை. இதைப் பார்த்தால் இனிப் பையனைத் தேட மாட்டார்கள். எதிரே உரக்கடைக் கூரையடியில் கேமரா இருந்தது.

குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. மோனிஷாவும் இன்னும் நாலு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அமுதவல்லி சட்டென்று திரும்பி, டேங்க்கின்மேல் முதுகை அழுத்தி நின்றாள்.

"அக்கோவ், கொடம் ரொம்பி ஓடுது பாருங்க! ஏனுங்க்கா அங்க போயி நிக்கறீங்க?"

"சும்மாதான் கண்ணு. நீ மூடியுடு."

தண்ணீர் மேடையைச் சுற்றி ஓடிவந்து அவள் பாதத்தை நனைத்தது. அவள் நகரவில்லை. முதுகில், ரவிக்கையோடு, காயாத பெயிண்ட் மெல்ல ஒட்டிக்கொண்டிருந்தது.