மேடு பார்த்து நிற்கும் வண்டி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன். முந்நூறு அடி தூரம் இருக்கும்.

எண்பத்து நாலாம் வருஷத்து ஆவணி. திண்டிவனம் நூலகத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்து, அதை நடந்துகொண்டே படித்ததால் விழுப்புரம் பஸ்ஸைத் தவறவிட்டு, ஊருக்கு வெளியே டிரங்க் ரோட்டில் நின்றிருந்தேன். பழைய டீசல் பிக்கப் ஒன்று வந்தது. அதன் பின்னால் இரண்டு சக்கரத்தின் மேல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் கட்டி இழுக்கப்பட்டு ஆடி ஆடி வந்தது. கை காட்டினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நிற்காமல் போய்விட்டார். ரோடு ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற சரிவில் போய் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "ஓடியா, ஓடியா" என்றார்.

மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தேன்.

"ஏண்ணா, நான் நின்ன எடத்துலயே நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தலாம் தம்பி. அணைஞ்சு போச்சுன்னா, பின்னால மெஷினோட சேத்து நீ தள்ளுவியா?"

அவர் பெயர் மாசிலாமணி. விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் சொன்னார். நான் இறங்கும்போது ஒரு கேள்வியும் கேட்டார். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இன்று புதன். [நடை கொஞ்சம் அவசரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.]

2

தொடக்கங்கள்:

(அ) "பனி பொழிந்துகொண்டிருந்தது. மாசிலாமணி தன் கம்பளிக் கோட்டின் கழுத்துப்பட்டியை உயர்த்தி விட்டுக்கொண்டு"

இல்லை. திண்டிவனத்தில் அப்படிப்பட்ட பனி பொழியாது. மாசிலாமணியிடம் கோட்டும் கிடையாது. நான் படிக்கிற புத்தகங்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. கை தானாகப் போய்விட்டது.

(ஆ) "அந்த வண்டிக்கும் ஓர் ஆன்மா இருந்தது."

இதை வண்டியில் வரும்போதே அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆன்மா இருந்து இன்னா பண்றது தம்பி, காலையில கெளம்பலையே" என்றார்.

(இ) மாசிலாமணிக்கு மேடுகள் தெரியும்.

இது இருக்கட்டும்.

3

மாசிலாமணிக்கு மேடுகள் தெரியும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை எந்த டீக்கடை வாசல் சரிவு, எந்தக் கோயிலின் முன்னால் தரை லேசாக இறங்குகிறது, எந்த ஏரிக்கரையில் வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தலாம், எல்லாம் மனப்பாடம். டீ நன்றாக இருக்கிற கடை வேறு, அவர் டீ குடிக்கிற கடை வேறு. சாமி கும்பிடுவதிலும் அப்படித்தான். சமதரையில் கோயில் கொண்டிருக்கும் தெய்வங்களுக்கு ஓடுகிற வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு.

காரணம் எளிது. வண்டி கொஞ்ச நேரம் நின்று ஆறிப்போனால் சாவிக்குக் கிளம்பாது. கிர்ர், கிர்ர் என்று இழுக்கும். கடைசியில் பேட்டரி செத்துவிடும். சரிவில் உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டால் மட்டும் ஒரு குலுக்கலோடு விழித்துக்கொள்ளும். வெறும் வண்டியென்றால் நாலு பேர் தள்ளலாம். பின்னால் மெஷின் இருக்கும்போது நாற்பது பேர் வந்தாலும் தள்ள முடியாது.

திண்டிவனத்து மெக்கானிக் இருதயராஜ் இரண்டு தடவை பேட்டரி மாற்றினார். ஒரு தடவை செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நன்றாக இருந்தது. பேட்டரியைக் குறை சொல்வது சுலபம். அது கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது, எதிர்த்துப் பேசுவதும் இல்லை.

மாசிலாமணிக்கு வயது முப்பத்து நாலு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை, ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை உடைக்கப் போன இடத்தில், தரகர் சீனுவாசன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்து ஊருதான், பச்சைமுத்து வூட்டுப் பொண்ணு. வேலையும் ஆச்சு, பொண்ணையும் பாத்தாப்பல ஆச்சு. வா, ஜல்தி."

"மெஷின் மாட்டிக்கினு கீதே?"

"மெஷினோட வந்தா தொழிலு தெரியும். வண்டி அரைச் சாவியில எடுக்கும்னு வேற சொல்லி வச்சிக்கீறேன்."

அந்த ஊரில் ஒரு மேடும் மாசிலாமணிக்குத் தெரியாது.

4

பச்சைமுத்துவின் தெரு தோசைக்கல் போலச் சமமாக இருந்தது. மாசிலாமணி மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை போய் வந்தார். பெண் வீட்டார், மாப்பிள்ளைக்கு ஊர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மேடு எங்கும் இல்லை. கடைசியில் வீட்டெதிரே நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, எஞ்சின் அணைந்துவிடாதபடி ஆக்ஸிலரேட்டர் மேல் ஒரு பாதிச் செங்கல்லை வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார்.

வண்டி வெளியே அலறிக்கொண்டிருந்தது.

"வண்டிய நிறுத்திட்டு வாங்களேன்!" என்று பச்சைமுத்து கத்தினார்.

"எஞ்சினு சூடா கீதுங்க! பட்டுனு நிறுத்தக் கூடாது!" என்று சீனுவாசன் கத்தினார்.

எத்தனை காணி நிலம், மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை உண்டா என்று எல்லாமே கத்தல்தான். கால் மணி நேரம் கழித்துப் பச்சைமுத்து வாசலைப் பார்த்தார்.

"இன்னுமா சூடு ஆறல?"

அப்போது ருக்கு காபி கொண்டுவந்தாள். தட்டில் தம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் அம்மா கெங்கம்மாளின் காதருகே குனிந்தாள்.

"வண்டி ஏன் மூச்சு வாங்குதுன்னு கேக்கறா!" என்று கெங்கம்மாள் மாசிலாமணியை நோக்கிக் கத்தினாள்.

மாசிலாமணி சீனுவாசனைப் பார்த்தார். சீனுவாசன் மோட்டுவளையைப் பார்த்தார்.

ருக்கு மறுபடி குனிந்தாள்.

"மேட்டுல, மூஞ்சி கீழ பாக்க நிறுத்தினாத்தான் கெளம்புமாமே? மூஞ்சி மேல பாக்க நிறுத்தி, ரிவர்ஸ்ல உருட்டினா கெளம்பாதாமே? நெசமான்னு கேக்கறா!"

நிஜம். அதை மாசிலாமணி யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அதற்குள் எதிர்வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"ஆமாங்க!" என்று கத்தினார். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவர் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

"டீசல் டேங்கு பின்னாலதான கீது? அப்போ பேட்டரி மேல தப்பு இல்லியாம்! ஏர் எடுக்குதாம்! பைப்புல செப்பு வாஷரு தேஞ்சு கெடக்குமாம், மாத்தச் சொல்றா!"

[விளங்காதவர்களுக்கு, அதாவது எனக்கு, மாசிலாமணி விளக்கியது: டேங்கிலிருந்து முன்னாலுள்ள எஞ்சினுக்கு டீசல் ஒரு குழாய் வழியாகப் போகிறது. குழாயின் இணைப்புகளில் காசு மாதிரி மெல்லிய செப்பு வாஷர்கள் உண்டு. அதில் ஒன்று தேய்ந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வண்டி நின்றதும் குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். அதை மறுபடி இழுத்து வருவதற்குள் பேட்டரி சாகும். மூக்கு கீழே பார்த்து நின்றால் டேங்கு மேலே, எஞ்சின் கீழே. டீசல் திரும்பிப் போகாது. மேடு வண்டியைத் தள்ளிவிடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அது ஊட்டியும் விட்டுக்கொண்டிருந்தது.]

5

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு ருக்குவின் மேல் சந்தேகம்.

மாஸ்கோவிலிருந்து அச்சாகி வந்து, வேனில் வைத்து விற்கிறார்களே, அந்தப் புத்தகங்களில் டிராக்டர் ஓட்டுகிற பெண்கள் வருவார்கள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பார்கள். எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, அத்தியாயத்தின் கடைசியில் கோதுமை வயலைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். அவர்களில் ஒருத்தியை நான் ஓமந்தூர்ப் பக்கம் கடத்திக்கொண்டு வந்துவிட்டேனோ?

வண்டியில் வரும்போதே இதைக் கேட்டிருந்தேன்.

"நெசமாவே அவங்களாவே கேட்டாங்களா அண்ணா?"

மாசிலாமணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கரண்டு வராத நேரத்துல மல்லாட்டைக்கு யாரு தண்ணி பாய்ச்சறா? கொல்லையில ஆயில் எஞ்சின ஓட்றதே அவதான். டீசல் தீந்துபோனா ஏர் எடுத்து வுட்டாத்தான் அது ஓடும். தெனம் அந்தச் சத்தத்தக் கேக்கறவ. நீ எந்த ஊருப்பா?"

விழுப்புரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆகவே ருக்கு இருக்கிறாள். தலையில் துணி இல்லை; கனகாம்பரம்.

6

இனிமேல்தான் சிக்கல்.

மாப்பிள்ளையும் தரகரும் போனதும் ருக்கு தன் அம்மாவிடம் சொன்னாளாம்: "வாஷர மாத்திக்கினு வந்தா, நான் சொன்னது காதுல ஏறிச்சுன்னு அர்த்தம், கட்டிக்கிறேன். மறுபடி மேடு தேடிக்கினு வந்தா, வண்டியோடயே குடும்பம் நடத்தட்டும்."

பச்சைமுத்துவுக்கு இது தெரியாது. அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: மாப்பிள்ளைக்கு மேடு வேண்டும். இவ்வளவு உண்மையாகக் கத்துகிற ஆளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுநாளே நாலு மாட்டு வண்டி சரளை மண் அடித்து, வீட்டு வாசலில் ஒரு மேடு போட்டுவிட்டார். "இது மாப்ள வண்டி நிக்கிற எடம். ஆடு மாடு ஏறக் கூடாது" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

இரண்டு சேதியையும் புதன்கிழமை, திண்டிவனத்தில், இருதயராஜின் பட்டறையில் வைத்துச் சீனுவாசன் சொன்னார். சம்பந்தம் பேசி முடிக்க வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போனியா, மெக்கானிக்கு பாக்கப் போனியா?" என்று இருதயராஜ் சிரித்தார். ஆனாலும் இரண்டு செப்பு வாஷர்களைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "அரை மணி நேர வேலை. எனக்குத் தோணல பாரு" என்றார்.

அந்தத் தாள் மடிப்பு மாசிலாமணியின் சட்டைப் பையில் இருந்தது. நான் பார்த்தேன்.

"பேஜாரா கீது தம்பி. வாஷர மாத்திட்டுப் போயி தரையில நிறுத்தினா, மாமனாரு மூஞ்சியில அந்த நாலு வண்டி மண்ணையும் வாரிப் போட்டாப்பல ஆவும். மேட்டுல நிறுத்தினா அவ வேண்டாம்னுடுவா. நீ இவ்ளோ படிக்கிறியே, சொல்லு. எங்க நிறுத்தட்டும்?"

வாயால் சொல்லிவிட்டால் போகிறது என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ருக்குவிடம் எதைச் சொன்னாலும் கெங்கம்மாள் வழியாகத்தான் போக வேண்டும். கெங்கம்மாள் வழியாகப் போனால் தெருவுக்கே கேட்கும். மேடு வீண் என்று ஊர் சிரிக்கும்.

விழுப்புரம் வந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சரிவில் என்னை இறக்கிவிட்டார். 

7

முடிவுகள்:

ஒன்று. தரையில் நிறுத்துகிறார். பச்சைமுத்து மேட்டைப் பார்க்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். [என்னால் இதைத் தாங்க முடியவில்லை.]

இரண்டு. மூக்கு கீழே பார்க்க, பின்பக்கமாக ஏற்றி, மேட்டில் நிறுத்துகிறார். ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்

[இதையும்.]

புத்தகங்களில் தேடினேன். பிரபுக்கள் சண்டை போட்டுச் சாகிறார்கள். பெண்கள் ரயில் நிலையங்களில் அழுகிறார்கள். சறுக்குவண்டிகள் பனியில் நிற்கின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒருவர்கூட எழுதவில்லை.

மூன்று. வியாழக்கிழமை, சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. எழுந்து கையைக் கழுவாமலே எழுதினேன்:

மாசிலாமணி நேராக வந்து மேட்டில் ஏற்றுகிறார். மூக்கு மேலே பார்க்க. எஞ்சினை நிறுத்துகிறார். பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறார். மேட்டில் நின்றுவிட்டது, பச்சைமுத்துவுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனால் பழைய வண்டி இப்படி நின்றால் உயிர் போனாலும் கிளம்பாது என்பது அந்தத் தெருவில் ஒரே ஒருத்திக்குத்தான் உறைக்கும்; அப்படி நிறுத்தினால் வாஷர் மாற்றியாயிற்று என்று அர்த்தம். அவள் ஜன்னலில் நிற்கிறாள். முதல் தடவையாக அந்த வீட்டில் சத்தமே இல்லை. யாரும் கத்தவில்லை. ஒரு வார்த்தையைச் சும்மா சொன்னாலே அடுத்தவருக்குக் கேட்கும். முதல் வார்த்தையை

அவருக்குச் சொல்ல வேண்டுமே! என்னிடம் அவர் விலாசம் இல்லை.

8

வெள்ளி, காலை எட்டு மணி. விழுப்புரத்துக்கு வெளியே, திண்டிவனம் போகிற ரோட்டோரத்தில் நின்று இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து பெண் ஊருக்கு அவர் இந்த வழியாகத்தான் போக வேண்டும். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடம். பந்து வைத்தால் உருளாது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு மேடு, முந்நூறு அடி தள்ளி, மதகு தாண்டி.

மூன்றாவது முடிவு அவரிடம் போய்ச் சேர்ந்தாலும் வாஷர் மாற்றாமல் அது நடக்காது. மாற்றாத வண்டியை மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால், நாலு பேர் தள்ளித்தான் கல்யாணத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். மாற்றினாரா என்பது எனக்குத் தெரியாது. இங்கே தரையில் நிறுத்துகிறாரா, மதகு தாண்டி மேட்டுக்குப் போகிறாரா என்பதில் இதோ, தெரிந்துவிடும்.

பிக்கப் வருகிறது. பின்னால் மெஷின் இல்லை. பம்பரில் பூச்சரம். மாசிலாமணி வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். போன தடவையும் இப்படித்தான் ஆட்டினார்.

நான் ஒரு கையைத் தூக்கியிருக்கிறேன். மறு கையில் செருப்பு, ஓட வேண்டியிருந்தால் ஓடலாம் என்று. எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். வண்டி எங்கே நிற்கிறது என்று நீங்கள் பாருங்கள்.