நோட்டீஸின் பின்பக்கம்

1

இந்தக் கதை நான் படிக்காமல் விட்ட ஒரு வரியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது அதை மறைக்கப் பார்ப்பேன்.

என் பெயர் கிரகரி. கம்போங் ராஜா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் கணக்கும் கடிதமும் எழுதுவது. இங்கே அரசாங்கக் கடிதம் மலாய் மொழியில்தான் வரும்; வந்தால், லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூடுபனி ஆற்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்...'

(வெட்டிவிட்டேன். அன்று பனியே இல்லை. நல்ல வெயில். எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது.)

2

வசுமதி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலையை விட்டபின் கணவர் செல்லையாவோடு ஆற்றோரம் அரை ஏக்கரில், பிளாஸ்டிக் கூரை போட்டு, தக்காளி பயிரிட்டாள். ஆண்டுதோறும் புதுப்பிக்கிற தற்காலிக லைசென்ஸ். போன மாதம் நில அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, என்னிடம் எடுத்து வந்தாள்.

"என்ன போட்டிருக்கு கிராணி?"

"ஆத்தோரம் இருபது மீட்டர் ரிசர்வாம், பயிர் வைக்கக் கூடாதாம். உங்க பயிர் அதுக்குள்ள வருது. முப்பது நாள்ல காலி பண்ணணும்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

பதினான்கு நாளுக்குள் வரைபடத்தோடு முறையீடு செய்யலாம் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. நான் தாளைத் திருப்பவில்லை.

3

இவளை அப்பாவியாக எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் மழை கொட்டினால் அவள் பாத்தியிலிருந்தும் மண் ஆற்றில் இறங்கத்தான் செய்கிறது. அதற்குக் கீழேதான் லயத்துக்குத் தண்ணீர் எடுக்கிறோம். டிசம்பர் மழையில் குழாயில் செம்மண் தண்ணீர் வந்தது. மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. (அதில் ஒருத்தி என் மகள் வனஸ்ஸா.) சட்டம் கெட்டது என்று என்னால் எழுத முடியாது. ஆற்றோரப் பயிரைக் கவனியுங்கள் என்று அரசாங்கத்துக்கு லயத்துக்காரர்கள் போட்ட மனுவை எழுதியவனே நான்தான்.

ஆகவே, தாளைத் திருப்ப மறந்தேனா, அல்லது

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.)

4

பத்தொன்பதாம் நாள் வசுமதி தானா ராத்தா நில அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"பின்னாடி பாக்கலையான்னு கேட்டாங்க கிராணி. நாள் போயிருச்சாம். ஏன் லேட்டுன்னு எழுதிக் குடுத்தா பாக்கறாங்களாம். எழுதிக் குடுங்க லா."

'உடம்பு சரியில்லை' என்று எழுதலாம். 'மலாய் தெரியாது' என்றும் எழுதலாம், பழி அவள்மேல் விழும். (என் பேனா முதலில் எழுதியது இரண்டாவதைத்தான். அடித்தேன்.) பிறகு, நோட்டீஸைப் படித்துச் சொன்னவன் நான், பின்பக்கத்தைப் பார்க்காதது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

கடிதத்தை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"தண்ணிக்குப் போட்ட மனு? அதுவும் நீங்க எழுதுனதுதானா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கரையில தடுப்புப் போட்டிருப்பேனே. நானும் லயத்துல அந்தத் தண்ணியக் குடிச்சவதானே?"

மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

(அவள் மன்னித்ததாக இங்கே ஒரு வரி இருந்தது. அவள் சொல்லாதது. எடுத்துவிட்டேன்.)

5

கடிதம் கொடுத்து ஒன்பது நாளாகிறது. பதில் இல்லை. கெடு முடிய இன்னும் இரண்டு நாள். அதிகாரி வந்து அளந்து பார்த்துப் பாதி நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். மண்வாரி இயந்திரம் வருவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சற்று முன் வசுமதி போன் செய்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான்.

"தக்காளி நாத்து வளந்துக்கிட்டே போவுது கிராணி. இதுக்கு மேல தட்டுல வச்சா வீணாப் போயிரும். நடலாமா, வேணாமா? வேற யார்கிட்டப் போயி கேக்கறது?"

நட்டபின் இயந்திரம் வந்தால் அத்தனையும் மண்ணோடு போகும். நடாமல் விட்டு அனுமதி வந்தால் நாற்றும் போகும், இந்தப் போகமும் போகும். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனை வைக்கவில்லை, மூச்சு கேட்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.