தொழிலாளி பேசுகிறார்

எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் பழைய வெப்சைட் ஒன்று இருந்தது. அதில் முதலாளியின் அப்பா படமும் ஒரு போன் நம்பரும் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த நம்பரையும் யாரும் எடுப்பதில்லை. அதைத் தூக்கிவிட்டுப் புதிதாகச் செய்யப் போகிறோம், மாடிக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேசை நகர்த்தத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்க மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு துண்டும் வெப்சைட்டில் ஒரு பக்கமாம். வெளியிலிருந்து வந்திருந்த டிசைனர் பெண் ஒன்றைப் பிய்ப்பாள், மேலே ஒட்டுவாள், இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி கீழே கொண்டுவருவாள். பக்கத்தில் எங்கள் மேனேஜர். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. அவர் காதில் விழாமல்தான்.

"வாப்பா, உன் மூஞ்சி வேணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"பெரிய பார்ட்டி ஒண்ணு நம்மகிட்ட பெட்டி வாங்கப் போகுது. அடுத்த மாசம் ஆள் அனுப்பி கம்பெனியைச் சுத்திப் பாக்கணும்கிறான். சைட் மட்டும் பளிச்சுனு இருந்துட்டா ஆளே வரமாட்டான்." டிசைனர் பக்கம் திரும்பினார். "ஆள் வந்தா அவன் பாக்கறதைப் பாப்பான். சைட்னா நாம காட்டறதைப் பாப்பான். என்னம்மா?"

அவள் சிரித்துவைத்தாள்.

அந்த ஆள் வருவான் என்றுதான் கீழே நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். காரணம் சரக்கு லிஃப்ட். ஒரு டன் காகித உருளையை அதில் ஏற்றித்தான் மாடி மெஷினுக்கு அனுப்புவோம். அதன் இரும்பு ரோப்பில் இழைகள் அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸைப் பூசிப் பூசி மறைத்திருந்தார்கள். லிஃப்ட் மேலே போனதும் அதன் அடியில் புகுந்து, சிந்திய காகிதக் கழிவை வாருகிறவன் என் மனைவியின் தம்பி. வெளியாள் ஒருவன் வந்து ஒருதடவை அண்ணாந்து பார்த்தால் போதும், ரோப்பை மாற்றாமல் விடமாட்டான். வேறு நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

டிசைனர் ஒரு துண்டைத் தொட்டாள். "இது 'பாதுகாப்பு' பக்கம் அண்ணே. இதுக்குக் கீழே 'தொழிலாளி பேசுகிறார்'. அதுல உங்க படம் வருது. இடது கையை மட்டும் பாக்கெட்ல விட்டுக்கோங்க, ஸ்டைலா இருக்கும்."

என் இடது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டையும் அந்த லிஃப்ட்டின் கதவு வாங்கிக்கொண்டது.

படம் வரும் இடத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. நாற்பது வயசுக்கு மேல், பெட்டிகளில் அச்சாகும் 'கவனம்', 'இந்தப் பக்கம் மேலே' என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். வாய்க்குள்ளேயே படித்தேன். 'பதினாறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. இது என் வீடு மாதிரி.'

"சார், இது நான் சொன்னதில்லையே."

நாளைக்கு சார் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் படிக்க வருமா?"

"கொஞ்சம் வரும் சார்."

"எப்பலேர்ந்து?" ஏதோ வியாதியைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ரோப்பை மாத்திடுங்க சார். அப்புறம் இதைவிட நல்லா நானே சொல்றேன்."

"அதை நாளைக்குப் பாக்கலாம். இப்ப படத்துக்கு நில்லு."

"நிக்கமாட்டேன் சார். வேணும்னா உங்க படத்தைப் போட்டுக்குங்க."

டிசைனர் லேப்டாப்பைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நாளைக்கு சாருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "என் மூஞ்சியைப் போட்டா எவன்பா நம்புவான்?" என்று சிரித்தார். "சரி, போ. உன் மச்சானை வரச்சொல்லு. லட்சணமா இருப்பான்."

மச்சான் தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு கீழே லிஃப்ட் பக்கம் வந்து நின்றான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வெப்சைட்டில் படம் வந்தால் பெண் வீட்டில் காட்டலாமே என்று உச்சி குளிர்ந்து போயிருந்தான்.

"உருளை பாதி உயரத்துல நிக்கட்டும், அடியில இவர் நிக்கட்டும்" என்றாள் டிசைனர். "பிரம்மாண்டமா இருக்கும்."

"அடியில வேண்டாம்மா" என்றேன். "டேய், வெளியே வாடா."

"என்ன மாமா, வயிறு எரியுதா?" என்றான் அவன். "உங்க மூஞ்சி பெட்டிக்குள்ள வைக்கிற மூஞ்சி. என்னுது பெட்டி மேல ஒட்டற மூஞ்சி."

கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் பட்டனை அமுக்கினார். உருளை ஏறியது, நின்றது. நின்ற வேகத்தில் மேலே எங்கோ பல் உடைவதுபோல ஒரு சத்தம். லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்வையைத் தன் செருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்.

"அப்படியே சிரிங்க... சூப்பர்" என்றாள் டிசைனர்.

மூன்று வாரத்தில் புது சைட் வந்துவிட்டது. வீட்டில் என் மனைவி போனில் தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கீழே என்னமோ போட்டிருக்கே, படிங்க" என்றாள். 'ஒரு கீறல்கூடப் பட்டதில்லை' என்று படித்தேன். அவள் என் இடது கையைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சைட்டின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, 'உங்கள் செய்தியை இங்கே எழுதுங்கள்' என்று. வாங்கப் போகிறவனுக்காகச் செய்த சைட்தானே, இதில் எழுதினால் அவனுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். 'லிஃப்ட் ரோப் அறுந்துகொண்டிருக்கிறது. ஆள் அனுப்பிப் பாருங்கள். அடியில் என் மச்சான் நிற்கிறான்.' பெயர் போடவில்லை. 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று பதில் வந்தது. அன்று இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

தொடர்புகொண்டார்கள். அடுத்த நாள் காலையிலேயே நாளைக்கு சார் கீழே இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். நான் அடித்தது அப்படியே அதில் இருந்தது.

"இது எங்கே போகும்னு நினைச்சே? என் மெயிலுக்குத்தான்பா வரும்." குரலில் வருத்தம்கூட இருந்தது. "பேர் போடலைன்னா தெரியாதா? லிஃப்ட் அடியில இங்கே எத்தனை பேருக்கு மச்சான் இருக்கான்?"

தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

"அந்தப் பார்ட்டி நேத்தே எழுதிட்டான். சைட் பார்த்தோம், திருப்தி, ஆள் அனுப்பலைன்னு." தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். "மச்சான் மேல இவ்வளவு பாசம் வச்சுக்கிட்டு நீ ஏன் தள்ளி நிக்கணும்? இன்னையிலேர்ந்து நீயும் அடியில. கழிவு வார ரெண்டு பேர் தேவைதான்."

அவர் போனதும் மச்சான் என் பையிலிருந்து தாளை உருவினான். அவன் ஏழாவது வரை படித்தவன். ஒரே மூச்சில் படித்துவிட்டான். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மாமா, அன்னைக்குப் படம் எடுக்கறப்ப மேல ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல?"

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே நிக்கச் சொன்னாங்க, அதான் நின்னேன்." தாளைக் கசக்கினான். "போயிடலாமா?"

"கல்யாணத்தை வச்சுக்கிட்டு எங்கேடா போவே?"

லிஃப்ட்காரர் எங்கள் பக்கம் பார்க்காமலே மணி அடித்தார். உருளை ஏறத் தொடங்கியது. அடியில் கழிவு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

"நான் வாரறேன், நீ மேலயே பாரு" என்றேன். "கண்ணை எடுக்காதே. சத்தம் கேட்டா கூப்பிட்டுக்கிட்டு நிக்காதே, சட்டையைப் பிடிச்சு இழு."

"பாதிக்கு அப்புறம் நான் வாரறேன். நீங்க பாருங்க."

"சரி."

அவன் அண்ணாந்தான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனேன்.