சின்ன மருமகள் அனுப்பிய குவளை

கத்தி நுனியால் எவ்வளவு நெம்பியும் கண்ணாடிக் குவளையின் அடியில் ஒட்டியிருந்த, மெழுகுவத்தித் திரி நின்ற தகரப் பில்லை பெயரவில்லை. மாமனாருக்கு உடம்பு துடைத்து மிஞ்சிய வெந்நீரை மலர்விழி அதில் ஊற்றினாள். மெழுகு இளகி மேலே மிதந்தது. வழித்துப் போட்டுவிட்டுச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். ரோஜா வாசனை மட்டும் போவேனா என்றது.

பெங்களூரிலிருந்து சின்ன மருமகள் தேவிப்ரியா அனுப்புகிற சீர் இதுதான். மெழுகுவத்தி எரிவது அங்கே, காலிக் குவளை வருவது இங்கே. கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறிப்போய் பார்சலை வாங்கி வருவதும் மெழுகைச் சுரண்டுவதும் மலர்விழி. கடுகுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, மாமனாரின் பல்செட்டுக்கு ஒன்று. மாமனார் ராஜாங்கத்துக்குப் பெருமை பிடிபடாது. கூட மில்லில் வேலை பார்த்தவர்கள் யார் வந்தாலும், "எங்க சின்ன மருமவ அனுப்பிச்சது. கல்லு கணக்கா கீது பாரு" என்று தூக்கிக் காட்டுவார். மூன்று வருஷமாக மூத்திரச் சட்டி எடுத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மலர்விழிக்கு வயிறு எரியும்.

"மலரு, மூச்சு இழுக்குது. பால எடுத்தா" என்று பக்கத்து வீட்டுக் கமலாக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். மலர்விழியின் கணவன் அய்யப்பன், தம்பி பிரவீன்குமாரையும் தேவிப்ரியாவையும் அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான். "அவங்க வர்ற வரிக்கும் தாங்காது. உன் கையால வாங்கிக்கினு போவட்டும். நீதான செஞ்ச."

அது ஒன்றுதான் மலர்விழிக்கும் வேண்டியிருந்தது.

"மாமா, நான் மலரு. வாயத் தொறங்க."

உதடு இறுகியிருந்தது. பால் கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அதுவும் வழிந்தது. கமலாக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

மலர்விழி எழுந்துபோய், கழுவி வைத்த குவளையில் பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் மூக்கருகே பிடித்தாள்.

"சின்ன மருமவ அனுப்பிச்சது மாமா."

வாய் திறந்தது. இரண்டு கரண்டி உள்ளே போயிற்று. மூன்றாவது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மதியம் ஐஸ் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். கமலாக்கா எல்லோரிடமும் சொன்னாள்: "சின்ன மருமவ பேர சொன்ன பொறவுதான் வாயத் தொறந்தாரு." பெண்கள் தேவிப்ரியாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

முகம் கழுவ வந்தவள் சமையல்கட்டு அலமாரியைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க, இதெல்லாம் நான் குப்பையில போட்டதாச்சே?"

பிரவீன்குமார் குரலைத் தாழ்த்தினான். "நான்தான் எடுத்து அனுப்பிச்சேன். நீ குடுத்தன்னு சொன்னா அப்பா சந்தோஷப்படுவாரேன்னு."

அடுப்படியில் நின்றிருந்த மலர்விழியை அப்போதுதான் பார்த்தான். சட்டென்று வெளியே போனான்.

"ஃபேன் காத்துல வெளக்கு நிக்கல. எதுனா கிளாசு எடுத்தாடி" என்று கமலாக்கா குரல் கொடுத்தாள்.

மலர்விழி மிச்சப் பாலைத் தொட்டியில் கொட்டினாள். குவளையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய், அகலை அதற்குள் இறக்கித் தலைமாட்டில் வைத்தாள். திரி அசையாமல் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி சூடேறி, பில்லைக்கு அடியில் தங்கியிருந்த மெழுகு இளகியது. ஊதுபத்தியையும் மீறி ரோஜா மணம் எழுந்தது.

மலர்விழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கமலாக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இப்பனாச்சும் அழுதியே. அழுவு" என்றாள்.