கெட்டிக் காப்பி

டார்லீனுக்கு வயிறு எரிந்தது. மழுப்பிச் சொல்ல வழியில்லை. நெப்ராஸ்காவின் அந்த முதியோர் இல்லத்தில், யாருக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கவனிப்பது என்று ஆளுக்கொரு பராமரிப்புத் திட்டம் எழுதுவது வெகுகாலம் நர்ஸ் டார்லீனின் தனி ராஜ்யம். வசந்தத்தில் வந்த ப்ரூக் என்கிற சின்னப் பெண்ணுக்கு அதில் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? எல்லார் வாயிலும் ப்ரூக் புராணம்தான். சோளம் விளைவித்துக் கை காய்த்துப்போன கிழவர் ஆர்வில்கூட டார்லீனைக் கண்டால், "அந்தப் பொண்ணு வரலையா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

திங்கள் காலை டாக்டரின் உத்தரவுகளைப் படித்தபோது டார்லீனின் வாய்க்கு அவல் கிடைத்தது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்பட்ட ஆர்விலுக்கு, புரையேறாமலிருக்கக் குடிப்பதிலெல்லாம் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுத்து வந்தார்கள். இனி சாதாரணமாகவே குடிக்கலாம் என்று டாக்டர் வெள்ளிக்கிழமை மாற்றியிருந்தார். ப்ரூக் தன் பொறுப்பிலிருந்த அவர் திட்டத்தைத் திருத்த மறந்திருந்தாள். உதவியாளர்கள் பார்த்து நடப்பதோ திட்டத்தைத்தான்.

புதிய உத்தரவுகளைக் காலைக் கூட்டத்தில் சொல்லி, அங்கேயே திட்டத்தைத் திருத்துவது வழக்கம். டார்லீன் வாய் திறக்கவில்லை. அரசு ஆய்வாளர்கள் இந்த வாரம் வருவதாகப் பேச்சு. அவர்களே கண்டுபிடிக்கட்டும், ப்ரூக்கின் மானம் கப்பலேறட்டும் என்று இருந்துவிட்டாள்.

மதியம் டார்லீன் போனபோது ஆர்வில் கெட்டிக் காப்பியைத் தள்ளி வைத்தார்.

"ஒரு வாயாவது குடிங்க ஆர்வில்."

"இதுவா காப்பி? இத வச்சுச் சுவத்துல காகிதம் ஒட்டலாம். டாக்டர் சரின்னு சொல்லியிருந்தா ப்ரூக் அன்னைக்கே நல்ல காப்பி கொண்டாந்திருப்பா. விடும்மா, எனக்குத் தாகமே இல்ல."

அவர் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. டார்லீனுக்கு வெட்கமாகிவிட்டது. நேரே ப்ரூக்கின் மேசைக்குப் போனாள்.

"ஆர்விலுக்கு உத்தரவு மாறிடுச்சு. திட்டத்தத் திருத்து."

ப்ரூக்கின் முகம் வெளுத்தது. "என் தப்புதான். எப்பப் பாத்தீங்க?"

"காலையில."

ப்ரூக் அவளை ஒரு கணம் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திருத்தினாள். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது டார்லீனுக்கு.

மாவு கலக்காத, சூடான கறுப்புக் காப்பியை டார்லீனே எடுத்துப் போனாள். ஆர்வில் மெல்ல உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா, ப்ரூக் என்னை மறக்கமாட்டா."

"ஆமா, மறக்கமாட்டா," என்றாள் டார்லீன். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. "இன்னொரு கோப்பை கொண்டு வரட்டுமா?"