வியர்த்த பாதம்

புனித வெள்ளி மாலை. துபாய் ஆலய முற்றத்தில், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை மக்கள் வரிசையாய் முத்தமிட்டனர். ஒவ்வொரு முத்தத்திற்குப் பின்னும் அதைத் துணியால் துடைப்பது ஏசி மெக்கானிக் ஜஸ்டஸின் பணி. குழாய் பற்றவைக்கையில் வெந்த அவன் இடக்கை கட்டுக்குள் கனன்றது.

வரிசையில் வந்த அறைத்தோழன் ஜெரிஷ் காதோடு சொன்னான்:

"லேய், ஆதிகாலத்துல தோற்றவாதிகள்னு ஒரு கூட்டம் இருந்துச்சாம். ஆண்டவருக்க உடம்பு வெறும் மாயத்தோற்றம், ஆணி அடிச்சப்பம் நொந்திருக்காதுன்னு சொன்னாவளாம்."

"அப்பம் எனக்க கை வலிய இத்தற நாளும் யாருட்டலே சொன்னேன்?"

ஜெரிஷ் சிரித்தான். ஜஸ்டஸ் துணியோடு பாதத்தின் பக்கம் திரும்பினான்.

ஏசி அறையிலிருந்து சற்றுமுன் எடுத்துவந்த பித்தளைப் பாதத்தில், கடற்காற்றின் ஈரம் முத்துமுத்தாய் அரும்பியது. துடைத்தான், மீண்டும் அரும்பியது. அது ஏசிக் குளிரின் வேலை என்பதை அவனைவிட அறிந்தவர் அங்கில்லை. ஆயினும் அவன் விரல்கள் தாமே மெதுவாகி, காய்ச்சல்காரன் நெற்றியை ஒற்றுவதுபோல் ஆணித்தழும்பைச் சுற்றி ஒற்றின.

"நோவுதா ஆண்டவரே?" என்றான்.

குனிந்த ஜெரிஷ் அதைக் கேட்டான். தழும்பில் படாமல், ஓரமாய், மிக மென்மையாக முத்தமிட்டான்.