நாலு டிகிரி ரமாபாய்

ரமாபாயின் உடம்புச் சூடு நாலு டிகிரி. காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டர் அவ்வளவு கீழே இறங்காது என்பதால், காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற அவளுடைய தம்பி தாமோதரன், ஃபேக்டரித் தர்மாமீட்டரைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நாலு. மறுநாள் விடிகாலையில் பார்த்தான், வெயில் ஏறின பிறகு பார்த்தான், அதே நாலு. டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரமாபாய் ஒரு வேளைகூட விடாமல் தின்றாள். மாத்திரைதான் தீர்ந்தது.

இது தொடங்கியது புயல் வந்த டிசம்பரில். வியாசர்பாடியில் அவர்கள் இருந்த குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மூன்றாவது மாடியில் ரமாபாய் வீட்டு ஃப்ரிட்ஜ் மர பீரோவைப் போலச் சும்மா நின்றது. அதற்குள் மகள் ஷாலுவின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. ஷாலுவுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. நாளைக்கு நாலு ஊசி, போடாவிட்டால் பிழைக்க மாட்டாள். மருந்து கெட்டுவிடுமென்று பயந்து ரமாபாயின் புருஷன் பகலவன் காசிமேட்டுக்கு ஐஸ் வாங்க நடந்தே போனார். வாங்கியும் விட்டார், தலையில் சுமந்து திரும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கால்வாயும் ரோடும் ஒரே தண்ணீராகக் கிடந்ததில் எது எதுவென்று தெரியாமல் கால்வாய்க்குள் காலை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தூக்கிவந்தார்கள். கரண்ட் இல்லாததால் ஃப்ரீசர் பாக்ஸ் வைக்க முடியவில்லை. சேதி வந்த நிமிஷத்தில் இன்சுலின் குப்பிகளைக் கையில் பொத்திக்கொண்ட ரமாபாய் அப்படியே பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரீசர் பாக்ஸ் தேவைப்படவும் இல்லை. அவள் அழவில்லை. குப்பிகளும் கெடவில்லை.

அடுத்த மாதம் மருந்து அட்டையோடு வரும் காகிதத்தை ஷாலு முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். பொடி எழுத்தில் போட்டிருந்தது: கடும் வெயில் படாத சாதாரண அறையில் அந்த மருந்து நாலு வாரம் தாங்கும். அன்றைக்கு ஐஸே தேவைப்பட்டிருக்கவில்லை. அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துச் சாக்கடையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள், என்னவென்று சொல்வாள்?

நம்ம ஆட்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். கரண்ட் வந்த பிறகும் ரமாபாய் நாலு டிகிரியிலேயே இருப்பது தெரிந்ததும், பக்கத்து வீட்டுக்காரி தோசை மாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். மாவு நாலு நாள் புளிக்கவில்லை. அப்புறம் பால் பாக்கெட்டு வந்தது, கனகாம்பரம் வந்தது. ரம்ஜான் மாதத்தில் இரண்டாவது மாடி ஹஃப்சா ரோஸ் மில்க் பாட்டில்களை அடுக்கிவிட்டுப் போனாள். நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரமாபாய் உட்கார்ந்திருப்பாள், சுற்றிலும் தூக்குவாளிகள் இருக்கும். மீன் மட்டும் வைக்கக் கூடாது, நாற்றம் மருந்தில் ஏறிவிடும் என்று பெண்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். ரமாபாய் யாரிடமும் வேண்டாமென்று சொல்லவில்லை. வலது கையில் எந்நேரமும் ஷாலுவின் குப்பிகள். சோறு தின்பதுகூட இடது கையால்தான். வெந்நீர் பட்டாலும் வெயில் பட்டாலும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சிரிப்பதும் இல்லை, திட்டுவதும் இல்லை. வியாசர்பாடியில் ஒரு பொம்பளை பத்து மாதம் யாரையும் திட்டாமல் இருந்தாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசமென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாலு ராயபுரத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் டாக்குமென்ட் டைப் அடிக்கிற வேலைக்குப் போய் வந்தாள். அம்மா பக்கத்தில் படுக்க முடியவில்லை, பல் கிட்டித்துப்போகும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அம்மா திரும்பி வரவேண்டும். தன் மருந்து அந்தக் கையில் இருக்கிறவரை அம்மா இப்படியேதான் இருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன் கொடு என்று கேட்டுப் பார்த்தாள். கரண்ட் போயிடும் என்றாள் ரமாபாய். போகாது என்றாள் ஷாலு. அன்று சாயங்காலமே கரண்ட் போனது. 

புரட்டாசி முடியும்போது நாக்பூர் பேச்சு எழுந்தது. குடியிருப்பிலிருந்து ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து குடும்பம், அண்ணல் பௌத்தம் தழுவிய இடமான தீட்சா பூமிக்கு ரயிலில் போய்வரும். பகலவனுக்கு மட்டும் தன்னுடைய பழைய ஆம்னி வேனிலேயே போகவேண்டும், வழியில் தார்ப்பாய் கட்டிச் சோறாக்கித் தின்றுகொண்டே போகவேண்டும் என்று ஆசை. அவர் இல்லாவிட்டாலும் வண்டி இருந்தது. தாமோதரன் ஓட்டுவதாகச் சொன்னான். ஆயிரத்து நூறு கிலோமீட்டர், போக மூன்று நாள், திரும்ப மூன்று நாள். வெயிலில் நிற்கிற வேன் உள்ளே அடுப்பாகக் கொதிக்கும். மருந்தை எதில் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. குடியிருப்பில் யாரும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதான் உங்கம்மா வர்றாங்களே என்றார்கள். ஷாலு மட்டும், குளிர்ப்பெட்டி வாங்குவேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

தாமோதரன் முந்திக்கொண்டான். ஐஸ் ஃபேக்டரிக்காரன் இருக்கும்போது பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஒரு தெர்மாகோல் மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துவந்தான். ஒத்திகைக்கு இரண்டு குப்பியைக் கேட்டான். ரமாபாய் தம்பி என்பதால் கொடுத்தாள். அடியில் நொறுக்கின ஐஸ், அதன்மேல் குப்பி, மறுபடி ஐஸ், அதன்மேல் இரண்டு கை கல் உப்பு. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் இறங்கும், பதினைந்து வருஷமாக அவன் பார்க்கிற வேலை அதுதான். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி ஒருநாள் வெயிலில் வைத்தான். மறுநாள் திறந்தால் இரண்டு குப்பியும் கோலிக்குண்டு மாதிரி கட்டியாக இருந்தன. இன்சுலின் ஒருதரம் உறைந்துவிட்டால் தீர்ந்தது, உருக்கினாலும் பிரயோஜனமில்லை. வஞ்சிரத்துக்குச் செய்வதையே மருந்துக்கும் செய்துவிட்டான் மனுஷன். தலையில் கை வைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தவன் அன்று டீகூடக் குடிக்கவில்லை.

ரமாபாய் உறைந்த குப்பிகளை வாங்கிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, "இன்னாத்துக்கு அலையிற? அதான் நான் கீறேன்ல," என்றாள்.

பத்து மாதத்தில் அவள் சேர்ந்தாற்போலப் பேசின முதல் பேச்சு அது. இந்தத் தடவை தோற்றால் அம்மா ஆயுசுக்கும் அந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவாள் என்று ஷாலுவுக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்துத் திருவொற்றியூருக்குப் போனாள்.

எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ரோட்டில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் இடம் அது. அந்த டிரைவர்களை நம்பி ஞானதுரை கடை போட்டிருந்தார். சாத்தான்குளத்துக்காரர், ஹார்ன், சீட் கவர், பேட்டரியோடு வண்டியில் வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜும் விற்றார். பொருளை விற்பதற்கு முன்னால் அதன் குறைகளை அரைமணி நேரம் சொல்கிற ஆள். முதலில் சாதா ஐஸ் பெட்டியைக் காட்டினார்: இது குளிரை உண்டாக்காது, போட்ட ஐஸைக் காப்பாத்தும், அவ்வளவுதான். அடுத்தது சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற மலிவுப் பெட்டி: இது வெளியே இருக்கிற சூட்டிலிருந்து பதினைந்து டிகிரி குறைக்கும், வேனுக்குள் நாற்பது என்றால் பெட்டிக்குள் இருபத்தைந்து, கூல் டிரிங்க்சுக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது. மூன்றாவது கம்ப்ரஸர் வைத்தது: வைத்த டிகிரியில் நிற்கும், விலை ஷாலுவின் ஒரு மாதச் சம்பளம். பெரிசு வாங்காதீங்க, பாதி காலியாகக் கிடந்தால் வீண் என்றார். வண்டி பேட்டரி இறங்கினால் தானே நின்றுகொள்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், கிளம்புவதற்கு முந்தின நாளே ஓடவிட்டுக் குளிரவையுங்கள், பின்கதவுப் பக்கம் வெயிலில் வைக்காதீர்கள், நடுசீட்டுக்குக் கீழே வையுங்கள் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, இப்போது மருந்து எதில் இருக்கிறதென்று கேட்டார். அம்மா கையில் என்றாள் ஷாலு.

"அம்ம எத்தன டிகிரில இருக்காவ?"

"நாலு."

ஞானதுரை கொஞ்சம் யோசித்தார். "நாலு நல்ல டெம்பரேச்சர்லா. கூடாம கொறையாம நிக்காவளா? அப்பொ கம்ப்ரஸர்தான் எடுக்கணும். மத்ததெல்லாம் அவியளுக்கு ஈடாவாது," என்று எட்டு லிட்டர் பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்தார்.

தாமோதரன் வண்டி ஓட்ட, நடுசீட்டில் ரமாபாயும் ஷாலுவும், காலடியில் பெட்டி. மூடியின்மேல் சிவப்பு எழுத்தில் நாலு என்று எரிந்தது. ரமாபாய் மூன்று குப்பியைப் பெட்டிக்குக் கொடுத்தாள். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டாள். நெல்லூர்வரை அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். எண் மூன்றாகும், ஐந்தாகும், மறுபடி நாலுக்கு வரும். அவள் நாலிலேயே இருந்தாள். வழியில் புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்த இடத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இடது கையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். ஷாலு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் ஷாலு பெட்டிக் குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டாள். ரமாபாய் மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்ததில் சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு. மத்தியானம் நூற்று இருபத்தெட்டு. மூன்றாம் நாள் காலையில் நூற்றுப் பத்தொன்பது. நாக்பூருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் என்று பலகை வந்த இடத்தில் ரமாபாய் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் வரவே மாட்டேனென்றது. குப்பியை எடுத்துப் பெட்டியில் மற்ற குப்பிகளோடு படுக்கவைத்து, மூடியைச் சாத்தி, ஒருதரம் அழுத்திப் பார்த்தாள்.

தீட்சா பூமியில் லட்சக்கணக்கான ஜனம். நடுப்பகல் வெயிலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் வேர்வை. வெள்ளைப் புடவை கட்டி மகளுக்கு முன்னால் நின்றிருந்த ரமாபாய் திரும்பி, "குளிருதுடி," என்றாள்.

ஷாலுவுக்கு முதலில் புரியவில்லை. தொட்டுப் பார்த்தாள், அம்மாவின் தோள் வழக்கம்போல ஜில்லென்றுதான் இருந்தது, ஆனால் வெடவெடவென்று நடுங்கியது. துப்பட்டாவை உருவிப் போர்த்தினாள். போர்த்தும்போதே ஒன்பது மாதம் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "அன்னிக்கு ஐஸே வேணாம்மா. வெளியிலயே தாங்கிருக்கும். நைனா போயிருக்கவே வேணாம்."

"தெரியும்," என்றாள் ரமாபாய். "அந்த மாசமே நர்ஸம்மா சொல்லிட்சி. நான் கீழ வச்சிட்டா அந்த மன்சன் சும்மா போன மாதிரி ஆய்டும்னுதான் கெட்டியா புட்சிகினு கெடந்தேன்." கொஞ்ச நேரம் பல் கிட்டித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு அந்தத் தண்ணி எப்டி குளிர்ந்துருக்கும், ஷாலு."

அப்புறம் அழுதாள். அந்த ஊர் ஜனம் வழிவிட்டது, யாரோ ஒரு மராட்டிக்காரம்மா கம்பளி கொடுத்தாள். ஷாலு அம்மாவைக் கட்டிப்பிடித்து, தானும் நடுங்கிக்கொண்டு, விடாமல் நின்றாள். தாமோதரன் செருப்புகளைக் காவல் காத்தான்.

ஊர் திரும்பியதும் தாமோதரன் தர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். நாலு. அதில் ஒரு மாற்றமும் இல்லை, இன்றுவரை இல்லை. ஆனால் இப்போது அவளுக்கே குளிர்கிறது. தோசை மாவோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியை, நான் நடுங்கிகினு கீறேன், உனக்கு மாவு கேக்குதா என்று ஏசினாள். பத்து மாத பாக்கியையும் சேர்த்து அந்த ஏச்சு ஒரு மணி நேரம் போனது, மூன்று மாடியும் நிம்மதியாகக் கேட்டது. கத்திரி வெயிலில் வியாசர்பாடியே வெந்துகொண்டிருக்கும்போது ரமாபாய் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு ரேஷன் வரிசையில் நிற்கிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை, ஹஃப்சா மட்டும் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாள். ஷாலு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மா பக்கத்திலேயே படுக்கிறாள்.